ரெண்டு வண்டிக்கும் ஒண்ணு

கையில ஹெல்மெட்டு இருக்கு, ஆளு பஸ்ஸுல இருக்கீங்க. அப்ப வண்டி மலையில எங்கயோ படுத்துக்கிச்சு, அப்படித்தானே சார்? செயின் அறுந்துடுச்சா? மெக்கானிக் நாளைக்கு வான்னுட்டானா? அப்படித்தான் சொல்லுவான். உக்காருங்க, உக்காருங்க, கீழ போளூர் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு. அந்தப் பையை மட்டும் மிதிச்சுடாதீங்க. உள்ள இருக்கறது சாதாரணப் பொருள் இல்ல.

வழி எப்படிக் கண்டுபிடிச்சு வந்தீங்க? போன்லயா? நெனச்சேன். ஹேண்டில்ல ஒரு கிளிப்பு மாட்டி, அதுல போனைச் சொருகி. மூணாவது வளைவுல சிக்னல் போயிருக்குமே. போச்சுல்ல? அப்பறம் டீக்கடையில எறங்கி, 'அண்ணே, இப்படிப் போனா எங்க போவும்'னு கேட்டிருப்பீங்க. சிரிக்கறீங்க. இப்ப அந்த போன்ல ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க, கலங்கலா வந்தாலும் வரும். பைக்கு அதிர்ற அதிர்வுல உள்ள இருக்கற கேமரா கெட்டுப்போயிடும் சார். வெயில்ல வச்சா சூடேறி தானா அணைஞ்சுக்கும். மழையில கேக்கவே வேணாம். ஆனா ஊர்ல எவனைக் கேட்டாலும், 'அதான் போன் இருக்குதே'ங்கறான். என் மச்சினன் ஒருத்தன், எஞ்சினியர், அவனும் அதையேதான் சொல்றான். எங்க படிச்சானுங்களோ.

நான் திருஞானம். ஒரு சர்க்கரை மில்லுல பர்ச்சேஸ் ஆபீசரா இருந்தவன். மில்லை மூடிட்டாங்க, அது வேற கதை. இருந்த வரைக்கும் ஒரு நட்டு போல்ட்டு என் கண்ணுல படாம உள்ள வந்தது கிடையாது. மூணு இடத்துல விசாரிக்காம நான் எதையும் வாங்கினதில்ல. பொண்ணு பாக்கப் போனப்பவே அப்படித்தான்... சரி, அது எதுக்கு இப்ப.

என் வீட்டுக்காரம்மா டாக்டர். மாட்டு டாக்டர். மங்கையர்க்கரசின்னு பேரு. போன சித்திரையில இந்த மலை மேல இருக்கற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க. அவளுக்கு ரெண்டு வண்டி. போளூர்லேருந்து மேல வர்றதுக்கு கார். உள்ளூர்ப் பாதையில கார் போகாது, அதனால ஆஸ்பத்திரியிலேயே ஒரு பைக்கை நிறுத்தி வச்சிருக்கா. ஆமா சார், பைக்குதான், ஸ்கூட்டி இல்ல. கியர் வண்டி. அம்பது வயசுப் பொம்பளை, பேன்ட்டைப் போட்டுக்கிட்டு, மருந்துப் பொட்டியைப் பின்னாடி கட்டிக்கிட்டு. காலேஜுல படிக்கறப்பவே கத்துக்கிட்டாளாம். நான் ஒண்ணும் சொல்றதில்ல.

நானா? நான் வண்டி ஓட்டறதில்ல. தெரியாம இல்ல. ஓட்டறதில்ல. மில்லுல எனக்கு ஜீப்பு வரும், டிரைவர் கதவைத் தொறந்து விடுவான். அந்தப் பழக்கம். அவ கார்லயும் நான் ஏறறதில்ல. கதவைத் தொறந்தாலே மாட்டு வாசனை. அதுல ஏறி ஒரு கல்யாணத்துக்குப் போக முடியுமா?

ஐப்பசியில ஒரு நாள் சாயங்காலம் வந்தா. கை கால் கழுவிட்டு அப்படியே உக்காந்துட்டா. என்னன்னு கேட்டேன். புளியம்பட்டுலேருந்து ஒரு ஆள் வந்து கூப்பிட்டிருக்கான், கன்னு குறுக்க நிக்குது, மாடு கத்துதுன்னு. ஆளு சைக்கிள்ல முன்னாடி போயிட்டான். இவ போனைப் பாத்துக்கிட்டே போயிருக்கா. மலையில ரெண்டு புளியம்பட்டு இருக்குதாம் சார். ஒண்ணு பள்ளத்துக்கு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். சிக்னலும் இல்ல. தப்பான புளியம்பட்டுக்குப் போயி, விசாரிச்சு, திரும்பி வர்றதுக்குள்ள மாடும் போச்சு, கன்னும் போச்சு. அந்த வீட்டுக்கு அது ஒரே மாடாம். வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டலயாம். 'நீ தண்ணி குடிம்மா, எப்படி வேர்த்திருக்கு பாரு'ன்னு சொம்பை நீட்டினாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அழறா. திட்டினா அழலாம். திட்டலன்னு அழறவளை என்ன பண்றது, சொல்லுங்க.

அப்பறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "ஒரு ஜிபிஎஸ் வாங்கணுங்க"ன்னா. "சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யணும். கார்லயும் வச்சுக்கணும், கழட்டி பைக்லயும் மாட்டிக்கணும். வேலூர்ல ஒரு கடை இருக்குதாம். சனிக்கிழமை போயி வாங்கிட்டு வந்துடறேன்."

பாத்தீங்களா? சனிக்கிழமை போயி வாங்கிட்டு வந்துடறாளாம். கத்திரிக்கா வாங்கற மாதிரி.

"நீ சும்மா இரு. இதெல்லாம் என் வேலை. நான் பாத்துக்கறேன்"னேன்.

"சீக்கிரம் வேணுங்க."

"உனக்கு மாட்டைப் பத்தித் தெரியும். பொருளைப் பத்தி எனக்குத் தெரியும்"னேன். எந்திரிச்சுப் போயிட்டா.

சார், வெளியிலேருந்து பாத்தா இது ஒரு சின்ன டிவி மாதிரி தெரியும். உள்ள எறங்கினாத்தான் தெரியும் எவ்வளவு அக்கப்போருன்னு. காருக்குன்னு செய்யறது ஒரு ரகம், பைக்குக்குன்னு செய்யறது வேற ரகம். காரோடது பெருசா இருக்கும், கண்ணாடியில ரப்பரை அமுக்கி ஒட்டிடலாம், சத்தமாப் பேசும். அதைக் கொண்டு போயி பைக்ல மாட்டினா ஒரு தூறலுக்குத் தாங்காது. வெயில் பட்டா திரை வெளுத்துப் போயி உங்க மூஞ்சிதான் அதுல தெரியும். கையுறை போட்ட விரலுக்கு அசையாது. அது பேசறது காத்தோட போயிடும். சரி, பைக்கோடதை வாங்கி கார்ல வைக்கலாம்னு பாத்தா, அதுல பல மாடலுக்கு ஸ்பீக்கரே கிடையாது! ஹெல்மெட்டுக்குள்ள ப்ளூடூத்துல பேசுமாம். அப்ப கார்ல போறப்ப? ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு கார் ஓட்டுவாளா?

இதெல்லாம் யாராச்சும் யோசிக்கறானா? ஒருத்தனும் யோசிக்கறதில்ல. படத்தைப் பாக்கறான், வாங்கறான், அப்பறம் ஊர் பூரா புலம்பறான்.

நான் இதை மங்கைக்கு ஒண்ணொண்ணா விளக்கினேன். சாப்பிடறப்ப எதிர்ல உக்காந்துக்கிட்டு. மெஷினை மாட்டறதுக்கு, பைக் பேட்டரியிலேருந்து ஒயர் எடுக்கற தாங்கி ஒண்ணு வேணும், காருக்கு ஸ்பீக்கர் வச்ச தாங்கி ஒண்ணு வேணும், அதிர்வுக்கு அசையக் கூடாது, மேப்பு பூராவும் மெஷின் உள்ளேயே இருக்கணும், அதைப் புதுப்பிக்கறதுக்கு தனியா காசு புடுங்கக் கூடாதுன்னு. தட்டுல கை இருக்கறப்பவே தூங்கிட்டா சார். நான் பேசிக்கிட்டே இருக்கேன், தலை இப்படி தொங்கிடுச்சு. ஒரு நாள் இல்ல, பல நாள். மலை ஏறி எறங்கற வேலைதான், இல்லங்கல. ஆனா ஒருத்தன் உனக்காக மண்டையை ஒடைச்சுக்கறான், அவன் பேச்சுக்கு முழிச்சிருக்கறது ஒரு மரியாதை இல்லையா?

வேலூர் கடைக்குப் போனேன். கடைக்காரன் பேரு இம்தியாஸ். முப்பது, முப்பத்தஞ்சு வயசிருக்கும். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ஒண்ணை எடுத்து மேஜை மேல வச்சுட்டான். "சார், ரெண்டு வண்டிக்கும்னா இது போதும். ரெண்டு தாங்கியும் கூடவே வருது, ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்குது. தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. மலையில போறவங்க நிறையப் பேர் இதைத்தான் வாங்கறாங்க."

நிறையப் பேர் வாங்கறதை நான் ஏன் வாங்கணும்? தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றியா, சரின்னு, ஓரத்துல குடம் இருந்துச்சு, ஒரு டம்ளர் மொண்டு அது தலை மேல ஊத்தினேன். கடையில எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. "சார், சார், பில்லு போடாத பீஸு சார்"ங்கறான். தாங்கிச்சு. தாங்கலன்னு நான் சொல்லல. ஆனா ஊத்தறப்ப அவன் மூஞ்சியில ஒரு பயம் வந்துச்சு பாருங்க. விக்கறவனுக்கே பயம் வந்தா அந்தப் பொருளை நான் எப்படி நம்பறது? வேணாம்னுட்டு வந்துட்டேன்.

அந்த வாரமே மழையில பைக்கு சறுக்கி இவ விழுந்துட்டா. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போச்சு. கட்டுப் போட்ட காலை முக்காலியில தூக்கி வச்சுக்கிட்டு, "வாங்கிட்டீங்களா?"ன்னா. "இதுக்குத்தான் சொல்றேன், அதிர்வு தாங்கற மாடலாப் பாக்கணும்னு. ரெண்டு மாடல்ல வந்து நிக்குது. முக்கால்வாசி முடிஞ்சுது"ன்னேன். அதுக்கப்பறம் அவ கேக்கவே இல்ல. ஒரு தடவை கூட கேக்கல. ஒருவழியா புரிஞ்சுக்கிட்டாளேன்னு எனக்கு ஒரு நிம்மதி.

அப்பறமும் நான் வேலூருக்குப் போயிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு தடவை அவளோட கையுறையை எடுத்துக்கிட்டுப் போனேன். கன்னை இழுத்து எடுக்கறதுக்குப் போடுவாங்க, தோள் வரைக்கும் வரும். அதை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு மாடலாத் தொட்டுப் பாத்தேன். எது அசையுது, எது அசையலன்னு. கடைக்கு வந்தவனெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறான். ஒருத்தன் படம் புடிச்சான். புடிச்சுக்கோடா. நீ நாளைக்கு மழையில நின்னு ஈரக் கையால திரையைத் தேய்ப்பியே, அப்பத் தெரியும். இம்தியாஸ் மட்டும் சிரிக்கல. டீ வரவழைச்சுக் கொடுத்தான். போறப்பல்லாம் டீ கொடுப்பான். என்னை மாதிரி வெவரமான ஆளு அந்தக் கடைக்கு அடிக்கடி வர்றதில்ல, அதான்.

மெட்ராஸுக்குப் போன் போட்டேன். அங்க ஒருத்தன், முழுசாக் கேக்காமலே, "கார்டு இருக்குதா சார்?"ங்கறான். பெங்களூர்ல ஒருத்தன் இங்கிலீஷ்ல பாடம் நடத்தறான். பைக்கு கிளப்புன்னு வச்சுக்கிட்டு லடாக்குக்குப் போயிட்டு வர்ற பசங்க இருக்காங்களே, அவனுங்களையும் விசாரிச்சேன். ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. தோள்ல வேங்கைப்புலிப் படம் போட்ட ஜாக்கெட்டு, ஆனா திரை வெயில்ல எவ்வளவு வெளிச்சம் காட்டும்னு கேட்டா முழிக்கறான்.

மார்கழியில இவ மலை மேலயே குவார்ட்டர்ஸ் எடுத்துக்கிட்டா. இந்தக் காலை வச்சுக்கிட்டு தினம் ஏறி எறங்க முடியலங்கன்னா. நியாயந்தானே. நானும் சரின்னுட்டேன். அவ இல்லாதது ஒரு வகையில வசதியாக் கூட இருந்துச்சு, கடைக்காரங்க அனுப்பற படம், விவரமெல்லாம் டைனிங் டேபிள் பூரா பரப்பிக்கலாம். சனி ஞாயிறு வர்றேன்னா. வந்தா. அப்பறம் தடுப்பூசி முகாம்னு சொன்னா. அப்பறம் அதுவும் சொல்றதில்ல. எனக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்காதுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும்.

மாசி பொறந்ததும் முடிவு பண்ணினேன். இதோ, உங்க கால்கிட்ட இருக்கே, இதுதான். வெளிநாட்டுலேருந்து வரவழைச்சது. மழை, வெயில், தூசி, கையுறை, ரெண்டு தாங்கி, எதுலயும் குறை சொல்ல முடியாது. இந்த ஜில்லாவுலேயே இது ஒண்ணுதான் இருக்கும்.

இன்னைக்குக் காலையில எடுத்துக்கிட்டு மேல போனேன். சொல்லாமத்தான் போனேன். அவ மூஞ்சி எப்படி ஆகுதுன்னு பாக்கணும்னு ஒரு ஆசை.

குவார்ட்டர்ஸ் வாசல்ல கார் நிக்குது, பைக்கைக் காணோம். கம்பவுண்டர் சாவி வச்சிருந்தார், தொறந்து உக்கார வச்சார். சின்ன வீடு. ஜன்னலுக்குப் புதுசா திரை தைச்சுப் போட்டிருக்கா. எங்க ஹால்ல மாட்டியிருந்த அவங்கப்பா போட்டோ இங்க தொங்குது. எப்ப எடுத்துட்டு வந்தாளோ, நான் கவனிக்கல. மூலையில சாமை ஒரு மூட்டை, தேன் ரெண்டு பாட்டில். மலை ஆளுங்க கொண்டாந்து வச்சுட்டுப் போவாங்களாம். ரெண்டு நாற்காலி இருந்துச்சு. ஒண்ணுல பூனை படுத்திருந்துச்சு. நான் வந்து நிக்கறேன், அது எறங்கல.

பைக் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். ஹெல்மெட்டுக்குள்ள சிரிச்சுக்கிட்டே வர்றா. யாரோட பேசறான்னு பாத்தா, கூட யாருமில்ல. "சரி தாயீ, வந்துட்டேன், வந்துட்டேன்"ங்கறா. என்னைப் பாத்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. அப்பறந்தான் நான் ஹேண்டிலைப் பாத்தேன். அங்க ஒண்ணு மாட்டியிருக்கு.

நான் தண்ணி ஊத்தினேனே, அதே மாடல் சார். அதே மாடல்!

"எப்ப வாங்கின?"ன்னேன்.

"விழுந்தேனே, அந்தச் சனிக்கிழமை. கால் கட்டோட கார்லயே போயிட்டு வந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல?"

"சொல்லத்தாங்க கொண்டாந்தேன். டைனிங் டேபிள்ல டப்பாவை உங்க முன்னாடி வச்சேன். நீங்க மெட்ராஸுக்குப் பேசிக்கிட்டிருந்தீங்க. இந்த டப்பாவை முதல்ல எடுன்னு கையை ஆட்டினீங்க. எடுத்துட்டேன்."

டேபிள்ல எத்தனையோ டப்பா வரும் சார். மருந்து டப்பா, ஊசி டப்பா. ஒவ்வொண்ணையும் தொறந்து பாத்துக்கிட்டா இருக்க முடியும்?

"அப்ப அந்த இம்தியாஸ்? அவனுக்குத் தெரியுமா?"

"அவர்தான் இங்க வந்து பேட்டரியில ஒயர் கொடுத்துட்டுப் போனார். அப்பறம் போன் பண்ணினார். சார் உங்க கையுறையோட வந்திருக்கார், சொல்லிடட்டுமா மேடம்னு கேட்டார். வேணாம்ப்பா, அவர் பாத்துக்கிட்டிருக்கட்டும், ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுன்னேன்."

இதுக்கு என்ன அர்த்தம் சார்? பாத்துக்கிட்டிருக்கட்டும்னா? நீங்களே சொல்லுங்க. மூணு மாசம் ஒருத்தன் நாயா அலையறான், ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு டீ வாங்கிக் கொடுக்கறாங்க.

நான் கோவத்தைக் காட்டிக்கல. பையைப் பிரிச்சு இதை எடுத்து மேஜை மேல வச்சேன். விளக்கினேன். கையைத் துடைச்சுக்கிட்டு வந்து நின்னு பூராவும் கேட்டா. இந்தத் தடவை தூங்கல. "நல்ல பொருளாத்தாங்க இருக்குது. இனிமே எனக்கு எதுக்குங்க, நீங்களே வச்சுக்கங்க"ன்னா. நான் வச்சுக்கிட்டு என்ன பண்றது? அதுவும் ஒரு பேச்சா?

சோறு போட்டா. வடிச்சது ஒரு ஆளுக்குத்தான் இருந்துச்சு போல. எனக்குப் போட்டுட்டு, பசிக்கலன்னு அவ ஒரு வாழைப்பழத்தை உரிச்சுக்கிட்டா. சோறு கொஞ்சம் குழைஞ்சிருந்துச்சு. போளூர்ல இருந்தப்ப இப்படி வடிக்க மாட்டா.

"எப்ப வீட்டுக்கு வர்ற?"ன்னேன்.

பூனையைத் தடவிக்கிட்டே, "வேலை இருக்குதுங்க"ன்னா.

அவ தட்டைக் கழுவறப்ப, பைக்லேருந்து அந்த மெஷினைக் கழட்டி உள்ள எடுத்துட்டு வந்தேன். தரம் எப்படின்னு பாக்கலாம்னுதான். 'வீடு'ன்னு ஒரு பொத்தான் இருக்குது. அதை அழுத்தினேன். போளூருக்கு வழியை எப்படிப் போடுது, எத்தனை கிலோமீட்டர் காட்டுதுன்னு பாத்துட்டா அதோட வண்டவாளம் தெரிஞ்சுடும்ல. ஒரு நிமிஷம் யோசிச்சுச்சு. அப்பறம் ஒரு பொம்பளை குரல்ல, 'நீங்கள் வீட்டை வந்தடைந்துவிட்டீர்கள்'ங்குது.

திரும்ப அழுத்தினேன். திரும்பவும் அதையேதான் சொல்லுது.

"மங்கை, இங்க வா. வந்து பாரு, உன் பொருளோட லட்சணத்தை. வீடுன்னு போட்டா எடத்தை விட்டு அசைய மாட்டேங்குது."

அவ திரும்பல. குழாய்த் தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. "அது சரியாத்தாங்க காட்டுது"ன்னா.

பாத்தீங்களா சார்? சில பேருக்கு இப்படித்தான். அவசரத்துல ஒரு மட்டமான பொருளை வாங்கிடறது, அப்பறம் அது தப்புன்னு ஒத்துக்க மனசு வராது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவளேதான் சொன்னா. பைக்ல கொண்டாந்து விடறேன்னா. வேணாம்னுட்டேன். அவ பின்னாடி உக்காந்து மலை ஆளுங்க பாக்கப் போறதா? நடந்தே வந்தேன். ரோடு திரும்பற வரைக்கும் அவ வாசல்லயேதான் நின்னுக்கிட்டிருந்தா. இல்ல, நான் திரும்பிப் பாக்கல, ஆனா நின்னிருப்பா.

அடுத்த வாரம் ஒரு நடை மேல போயி, அந்த மெஷினை நானே சரி பண்ணி வச்சுட்டு வந்துடணும். உள்ள போயி போளூர் விலாசத்தைப் போட்டுட்டா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலை சார். அவளுக்கு அதெல்லாம் போடத் தெரியாது.